மனந்திரும்பிய மறுநாள்: நியூயார்க் மீட்பு இல்லங்களின் வரலாறு

குடியிலிருந்தும் போதைப் பழக்கத்திலிருந்தும் மீள விரும்பும் ஆண்களுக்கு உணவும் படுக்கையும் தந்து, ஜெபம், வேதபாடம், உடலுழைப்பு ஆகியவை சேர்ந்த ஓர் ஒழுங்குக்குள் சில மாதங்கள் வைத்திருந்து, பின்பு வெளியுலகுக்கு அனுப்பும் கிறிஸ்தவ மறுவாழ்வு இல்லங்கள் இன்று அமெரிக்காவின் பெருநகரங்கள் பலவற்றில் இயங்கிவருகின்றன. இவற்றின் வமிசாவளியைத் தேடிச் செல்வோர் பெரும்பாலும் நியூயார்க்கின் கிழக்கு ஆற்றங்கரையை ஒட்டிய வாட்டர் தெருவில், 1872ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட ஒரு சிறிய கூடத்தில் வந்து நிற்பர். அந்த வரலாற்றை மனமாற்றங்களின் வரிசையாக எழுதுவதே மரபாக இருந்துவந்துள்ளது. இல்லங்கள் தாமே வெளியிட்ட நூல்களும் அப்படித்தான் அமைந்தன, ஏனெனில் ஒரே இரவில் திருந்தியவனின் கதையைக் கேட்டே நன்கொடையாளர்கள் கைதிறந்தனர். ஆனால் அவற்றை நடத்தியவர்களை அன்றாடம் அலைக்கழித்த கேள்வி வேறு. முந்தின இரவு முழங்காற்படியிட்டு அழுதவனை மறுநாள் காலையில் எங்கே அனுப்புவது, அவன் கைக்கு என்ன வேலை தருவது, மீண்டும் குடித்துவிட்டு வாசலில் வந்து நின்றால் கதவைத் திறப்பதா சாத்துவதா என்பதே அது. படுக்கை, வேலை, கூட்டாளிகள், தங்கும் காலம், கூலி என்று இந்த இல்லங்களில் பின்னாளில் முளைத்த ஏற்பாடுகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் சொல்லப்பட்ட பதில்களே.

அதற்கு முன்பு இருந்தவை மதுவிலக்குச் சங்கங்கள். தொடர்ந்து குடிப்பது ஒரு நோய் என்று பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1784ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தபோதிலும், இச்சங்கங்கள் குடிக்காதவர்கள் குடிக்கத் தொடங்காமல் காப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டிருந்தன. ஏற்கெனவே குடியில் மூழ்கியவர்கள் விரைவில் இறந்துபோவார்கள், அவர்களோடு நாட்டைப் பிடித்த கேடும் ஒழியும் என்ற எண்ணம் அவற்றின் தலைவர்களிடம் ஒளிவுமறைவின்றி இருந்தது. இதை மாற்றியவர்கள் குடிகாரர்களே. 1840ஆம் ஆண்டு ஏப்ரலில் பால்டிமோர் நகரில், தாங்கள் வழக்கமாகக் குடிக்கும் கடையிலேயே கூடிய ஆறு பேர் குடியை விடுவதென்று உறுதிபூண்டு, அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரின் பெயரால் வாஷிங்டன் சங்கத்தைத் தொடங்கினர். இதன் கூட்டங்களில் போதகர் பிரசங்கிக்கவில்லை. குடித்தவனே எழுந்து தான் குடித்த கதையையும் விட்ட கதையையும் சொன்னான். சில ஆண்டுகளில் பல லட்சம் பேர் கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட இந்த இயக்கத்தைப் பாராட்டி 1842ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று ஸ்பிரிங்ஃபீல்டில் பேசிய இளம் வழக்கறிஞர் ஆபிரகாம் லிங்கன், குடிகாரனைக் கண்டித்துப் பேசுவோரைவிட அவனைப்போல் இருந்து மீண்டவனே அவனிடம் நெருங்க முடியும் என்ற கருத்தை முன்வைத்தார். பத்தாண்டு முடிவதற்குள் இயக்கம் ஏறத்தாழக் கரைந்துவிட்டது. கையெழுத்திட்டவன் கூட்டம் முடிந்ததும் அதே தெருவுக்கு, அதே கடைக்கு எதிரிலுள்ள அதே அறைக்குத் திரும்பிப் போனான் என்பது அதன் வீழ்ச்சிக்குச் சொல்லப்படும் காரணங்களில் மிகவும் பொருத்தமானதாகத் தோன்றுகிறது.

வாட்டர் தெரு அத்தகைய தெருக்களிலெல்லாம் மோசமானது. துறைமுகத்தை அடுத்திருந்த அந்தத் தெருவில் மாலுமிகளின் தங்கும் விடுதிகளும், நடனக்கூடம் என்ற பெயரில் நடந்த விபசார விடுதிகளும், நாய்களை எலிகளின்மீது ஏவிப் பந்தயம் கட்டும் களங்களும் நெருக்கமாக அமைந்திருந்தன. 304ஆம் எண்ணில் நடனக்கூடம் நடத்திய ஜான் ஆலன் நகரத்திலேயே மிகப் பொல்லாத மனிதன் என்று 1868ஆம் ஆண்டில் பத்திரிகைகளால் பெயர்சூட்டப்பட்டபோது, அந்த விளம்பரத்தால் ஈர்க்கப்பட்ட போதகர்கள் அவனுடைய கூடத்திலேயே எழுப்புதல் கூட்டங்கள், அதாவது மக்களை மனந்திரும்புதலுக்கு அழைக்கும் ஜெபக்கூட்டங்கள், நடத்தத் தொடங்கினர். எலிச்சண்டைக் களத்தின் சொந்தக்காரனான கிட் பர்ன்ஸும் தன் இடத்தைப் பகல் நேரத்தில் ஜெபத்துக்கு விட்டான். இருவரும் மனந்திரும்பியதாக நாடெங்கும் செய்தி பரவியபின், அவர்கள் போதகர்களிடம் வாடகை வாங்கிக்கொண்டுதான் கூடங்களைத் தந்தார்கள் என்பதைச் செய்தியாளர்கள் வெளிப்படுத்தினர். பணமும் மனமாற்றமும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வரும்போது எழும் சந்தேகம் அன்று தொட்டே இந்த வரலாற்றைத் தொடர்கிறது.

இதே தெருவில் 316ஆம் எண்ணில் கூடம் திறந்த ஜெரி மெக்காலி, வெளியிலிருந்து வந்த போதகர் அல்லர். அயர்லாந்தில் 1839ஆம் ஆண்டையொட்டிப் பிறந்து, பதின்மூன்று வயதளவில் நியூயார்க்கிலிருந்த சகோதரியிடம் அனுப்பப்பட்ட அவர், இரவில் படகேறித் துறைமுகக் கப்பல்களில் திருடும் ஆற்றுத் திருடர்களில் ஒருவராக வளர்ந்தார். வழிப்பறிக் குற்றத்துக்காக 1857ஆம் ஆண்டில் அவருக்குப் பதினைந்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஒரு குற்றத்தைத் தாம் செய்யவில்லை என்று அவர் கடைசிவரை சொல்லிவந்தார். சிங் சிங் சிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னாள் குத்துச்சண்டைக்காரரும் மெக்காலிக்குப் பழைய பழக்கமுள்ளவருமான ஆர்வில் கார்ட்னர் கைதிகளிடம் கண்ணீர் மல்கப் பேசியதையும், அவர் சொன்ன வசனத்தைத் தேடித் தம் அறையின் காற்றுத் துவாரத்தில் தூசி படிந்து கிடந்த வேதாகமத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கியதையும் மெக்காலி தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். தண்டனையில் பாதியளவே கழிந்திருந்த நிலையில் 1864ஆம் ஆண்டில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தவருக்குப் போக இடமில்லை, அவரைத் தேடி வந்த சபையும் இல்லை. சில காலத்துக்குள் குடியும் திருட்டும் திரும்பின. சபை வழக்கில் பின்வாங்கிப்போதல் எனப்படும் இந்தச் சறுக்கல் அவருக்கு ஒருமுறை மட்டும் நேர்ந்ததன்று. 1868ஆம் ஆண்டு தொடங்கிய அடுத்த முயற்சியின் போதும் அவர் பலமுறை விழுந்து எழுந்தார். சிறையிலிருந்து வந்தவனுக்கும் தெளிந்த குடிகாரனுக்கும் முதல் சில வாரங்களில் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்ற அவருடைய திட்டம் வேதாகமத்திலிருந்து பிறந்ததைவிட இந்த அனுபவத்திலிருந்தே பிறந்தது எனலாம்.

வீட்டைத் தந்தவர் பங்குவணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஆல்ஃபிரடெரிக் ஸ்மித் ஹாட்ச் என்ற வங்கியாளர். அவருடைய குடும்பம் தன் மாளிகை நூலகத்தில் வீற்றிருக்கும் காட்சியை ஈஸ்ட்மன் ஜான்சன் அதே காலத்தில் தீட்டிய பெரிய ஓவியம் இன்றும் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பழைய நடனக்கூடத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தவர்களின் படம் எதையும் யாரும் அந்த அளவில் தீட்டவில்லை. ஆண்களுக்கான உதவிக்கரம் என்ற பொருள்படும் பெயருடன் தொடங்கிய அந்தக் கூடத்தில் மெக்காலியும் அவருடைய மனைவி மரியாவும் ஆண்டு முழுவதும் ஒவ்வோர் இரவும் கூட்டம் நடத்தினர். தேவாலயங்கள் ஞாயிறன்று திறந்து மற்ற நாட்களில் பெரும்பாலும் பூட்டிக்கிடந்த காலத்தில் இந்த ஓர் ஏற்பாடே புதுமையானது, ஏனெனில் சாராயக்கடைகள் எந்த இரவும் பூட்டப்படவில்லை. பாட்டு, ஒரு வேதப்பகுதி, அதன்பின் சாட்சி என்பது கூட்டத்தின் முறை. சாட்சி என்பது கடவுள் தன் வாழ்வில் செய்ததாக நம்புவதை ஒருவன் பலர்முன் எழுந்து சொல்வது. அதற்கு ஒரு நிமிடம் மட்டுமே அனுமதி என்ற விதி இருந்தது. நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள், குறிப்பாகக் காட்சி பார்க்க வந்த கனவான்கள், கூட்டத்தை விழுங்கிவிடாமல் அந்த விதி காத்தது. நேற்றுத்தான் வந்தவனும் இரண்டு வாக்கியம் சொல்லி உட்கார அது வழிவிட்டது. 1876ஆம் ஆண்டில் அதே இடத்தில் புதுக்கட்டடம் எழுந்தது. 1882ஆம் ஆண்டில் நகரின் மேற்புறம் 32ஆம் தெருவில் கிரிமோர்ன் மிஷன் என்ற இரண்டாவது கூடத்தைத் தொடங்கிய மெக்காலி, 1884ஆம் ஆண்டு செப்டம்பரில் காசநோயால் இறந்தார்.

கிரிமோர்னுக்கு 1882ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்து சேர்ந்தவர் சாமுவேல் ஹாட்லி. கையிலிருந்தவை எல்லாம் குடியில் கரைந்து, நடுக்குவாத மயக்கத்தின் விளிம்பில் ஹார்லெம் பகுதிச் சாராயக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்த தம் நிலையையும், சில நாட்களில் மெக்காலியின் கூடத்தில் நிகழ்ந்த மாற்றத்தையும் அவர் சொன்ன விவரம், எடின்பரோவில் நிகழ்த்தப்பட்டு 1902ஆம் ஆண்டில் நூலான வில்லியம் ஜேம்ஸின் சமய அனுபவ ஆய்வில் இடம்பெற்றது. 1886ஆம் ஆண்டு முதல் 1906ஆம் ஆண்டில் இறக்கும்வரை வாட்டர் தெரு மிஷனின் பொறுப்பாளராக இருந்தவரும் அவரே. மீட்கப்பட்டவன் மற்றவர்களை மீட்கும் வேலைக்கு அமர்த்தப்படுவது இங்கே தற்செயலாகத் தொடங்கி முறையாகிவிட்டது. அந்த வேலையே அவனைத் தெளிவாக வைத்திருந்தது என்பதை அன்று யாரும் கோட்பாடாகச் சொல்லவில்லை. சொன்னவர் அரை நூற்றாண்டுக்குப் பின்பு வந்தார்.

வேலை என்ற பகுதியை வளர்த்தெடுத்தது இரட்சணிய சேனை. வில்லியம் பூத் 1865ஆம் ஆண்டில் கிழக்கு லண்டனில் தொடங்கிய ஊழியம் 1878ஆம் ஆண்டில் இராணுவப் பதவிப் பெயர்களும் சீருடையும் கொண்ட சேனையாக மாறியது. அவர் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட சமூகத் திட்ட நூலில், வசதியான வீடுகளில் கழித்துக் கட்டப்படும் பொருட்களை வேலையற்றோரைக் கொண்டு திரட்டிச் செப்பனிட்டு விற்கும் படைப்பிரிவு ஒன்றை முன்மொழிந்தார். அமெரிக்காவில் இதைப் பெருக்கியவருள் முதன்மையானவர் 1896 முதல் 1904 வரை அங்கே தளபதியாக இருந்த ஃபிரெடரிக் பூத்-டக்கர். இவர் இந்திய ஆட்சிப்பணியை உதறிவிட்டு 1882ஆம் ஆண்டில் பம்பாயில் இரட்சணிய சேனையைத் தொடங்கி, காவியுடுத்து, ஃபக்கீர் சிங் என்ற பெயரோடு வெறுங்காலுடன் ஊர் ஊராகச் சென்றவர். நாகர்கோவில் வட்டாரத்தில் பின்னாளில் வேரூன்றிய சேனையின் இந்தியத் தொடக்கமும், அமெரிக்க நகரங்களில் பழைய துணியும் அறைகலனும் ஏற்றிச் சென்ற தள்ளுவண்டிகளும் இந்த வகையில் ஒரே கையைத் தொட்டவை. தொழிலகங்கள் எனப்பட்ட அந்த இல்லங்களில் சேர்ந்தவன் காலையில் வண்டியோடு தெருவுக்குப் போய்த் துணி, தாள், உடைந்த நாற்காலி ஆகியவற்றைத் திரட்டிவருவான், அல்லது கிடங்கில் உட்கார்ந்து தரம் பிரிப்பான், தச்சு வேலை தெரிந்தால் செப்பனிடுவான். மாலையில் ஜெபக்கூட்டத்தில் கலந்துகொள்வான். உணவு, படுக்கை, வாரம் ஒருமுறை கையில் வைக்கப்படும் சிறுதொகை ஆகியவை அவனுக்குக் கிடைத்தன. சரக்கு விற்ற பணத்தில் இல்லம் நடந்தது. நன்கொடையாளரின் கையை எதிர்பாராமல் இயங்கக்கூடிய முதல் மீட்பு முறை இதுதான், அதன் வலிமையும் சிக்கலும் அந்த ஒரே இடத்திலிருந்து பிறந்தவை.

சூப்பு, சோப்பு, இரட்சிப்பு என்ற வரிசையைச் சேனையினர் பெருமையோடு சொல்லிவந்தனர். முதலிரண்டுக்காக மூன்றாவதைச் சகித்துக்கொண்டவர்களும் ஏராளம். பவரி போன்ற வறியோர் தெருக்களில், ஒரு வேளைச் சூப்புக்காக முழங்காலிடுபவனை மூக்குக்குப்புற விழுபவன் என்று கூட்டாளிகள் கேலிசெய்தனர். தொழிற்சங்கப் பாடகர் ஜோ ஹில் 1911ஆம் ஆண்டில் வெளியான தம் பாடலில், பசித்தவனுக்குச் சோற்றுக்குப் பதில் பரலோகத்தைக் காட்டும் போதகர்களைக் கிண்டலடித்தார்; அந்தப் பாடல் தெருவோரக் கூட்டங்களில் சேனையின் மெட்டிலேயே பாடப்பட்டது. சமூகவியலாளர் ஜாக்குலின் வைஸ்மன் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கூர்மையானது: வறிய குடிகாரர்கள் சிறை, மனநல மருத்துவமனை, கிறிஸ்தவ இல்லம் ஆகியவற்றுக்கிடையே சுற்றிச்சுற்றி வருவதையும், நடத்துவோர் சிகிச்சை என்று கருதிய அந்த இடங்களைத் தங்குவோர் குளிர்காலத்தைக் கழிக்கும் நிலையங்களாகக் கணக்குப்போட்டுப் பயன்படுத்துவதையும் அது காட்டியது. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒரே படுக்கைக்கு இரண்டு பயன்கள் இருந்தன.

வாட்டர் தெருவின் கிளை ஒன்று எதிர்பாராத திசையில் வளர்ந்தது 1926ஆம் ஆண்டுக்குப் பிறகு. கிராமர்சி பூங்காவை ஒட்டிய செல்வச் சபையான கல்வாரி ஆலயத்தின் போதகர் சாம் ஷூமேக்கர், கிழக்கு 23ஆம் தெருவில் 246ஆம் எண்ணில் மீட்பு மிஷன் ஒன்றைத் திறந்து, ஹாட்லியின் மகனைப் பொறுப்பாளராக அமர்த்தினார். ஷூமேக்கர் அப்போது ஆக்ஸ்ஃபர்டு குழு எனப் பெயர்பெற்ற இயக்கத்தின் அமெரிக்க முகமாக இருந்தார். பிராங்க் புக்மன் என்ற லூத்தரன் போதகர் உருவாக்கிய இவ்வியக்கம் நேர்மை, தூய்மை, தன்னலமின்மை, அன்பு என்ற நான்கையும் முழுமையான அளவில் கடைப்பிடிக்கவும், தவறுகளை இன்னொருவரிடம் அறிக்கையிடவும், தீங்கிழைத்தவர்களிடம் சென்று ஈடுசெய்யவும், அதிகாலையில் அமைதியாக அமர்ந்து கடவுளின் வழிகாட்டுதலுக்குக் காத்திருக்கவும் கற்பித்தது. மெக்காலியின் கூடம் ஓர் இரவின் முடிவைக் கேட்டது. ஆக்ஸ்ஃபர்டு குழு அந்த முடிவுக்குப் பின்னர் வரிசையாகச் செய்யவேண்டிய காரியங்களைத் தந்தது.

1934ஆம் ஆண்டு டிசம்பரில், பங்குச்சந்தை வீழ்ச்சியிலும் குடியிலும் எல்லாவற்றையும் இழந்திருந்த பில் வில்சன், இந்த மிஷனில் தங்கித் தெளிந்திருந்த தம் பழைய நண்பர் எபி தாச்சரைத் தேடிப் புறப்பட்டு, வழியிலுள்ள கடைகளில் குடித்தபடியே, பழகிக்கொண்ட ஒரு பின்லாந்துக்காரருடன் 23ஆம் தெருவுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் அவரைத் திருப்பி அனுப்பாமல் ஒரு தட்டு அவரைப் பயறும் காபியும் கொடுத்துச் சற்றுத் தெளியவைத்தபின் கூட்டத்தில் உட்காரவைத்தனர். அழைப்பு வந்தபோது அவரும் எழுந்துபோய் மற்றவர்களோடு முழங்காலிட்டார். அதன்பிறகும் இரண்டொரு நாள் குடித்துவிட்டு டிசம்பர் 11 அன்று டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். அறை முழுவதும் ஒளி நிறைந்ததாக அவர் விவரித்த அனுபவம் அங்கேதான் நேர்ந்தது. தமக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டதோ என்று அஞ்சியவரை மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த் தேற்றினார். ஹாட்லியின் கதை அச்சான ஜேம்ஸின் நூல் மருத்துவமனைப் படுக்கையில் வில்சன் கைக்கு வந்தது.

அடுத்த ஐந்து மாதங்கள் அவர் கல்வாரி மிஷனிலும் மருத்துவமனையிலும் குடிகாரர்களைத் தேடிப்பிடித்துத் தம் ஒளி அனுபவத்தைச் சொல்லிவந்தார். ஒருவரும் தெளியவில்லை. பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, முதலில் இது உயிரைக் கொல்லும் நோய் என்ற மருத்துவ உண்மையைச் சொல்லும்படி சில்க்வொர்த் அறிவுறுத்தினார். 1935ஆம் ஆண்டு மே மாதம் வணிக முயற்சி ஒன்று முறிந்து அக்ரன் நகரில் தனித்து நின்ற வில்சன், குடிக்கத் தோன்றிய நேரத்தில் இன்னொரு குடிகாரரோடு பேசியாகவேண்டும் என்று தேடி, அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். ஸ்மித் கடைசியாகக் குடித்ததாகக் கொள்ளப்படும் ஜூன் 10, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. மற்றவனுக்கு உதவுவது அவனுடைய நன்மைக்காக மட்டுமன்று, தன் தெளிவு நிலைப்பதற்கே அது வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கோட்பாடாக்கியவர்கள் இவர்களே.

மிஷனோடு உறவு நீடிக்கவில்லை. புரூக்ளினில் வில்சன் வீட்டில் நடந்த குடிநோயாளிகளின் தனிக் கூட்டங்களுக்குப் போகக்கூடாது என்று கல்வாரி மிஷனில் தங்கியிருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது; எல்லாருக்குமான ஊழியத்தில் குடிகாரர்கள் மட்டும் ஒதுங்குவதை ஆக்ஸ்ஃபர்டு குழுவினர் விரும்பவில்லை. 1937ஆம் ஆண்டில் நியூயார்க்கின் குடிநோயாளிக் குழு ஆக்ஸ்ஃபர்டு குழுவிலிருந்து பிரிந்தது. மிஷன் அதற்கு முந்தைய ஆண்டே மூடப்பட்டிருந்தது. 1939ஆம் ஆண்டில் வெளியான அனானிமஸ் அமைப்பின் நூலில் அதன் மீட்பு வழிமுறையான பன்னிரண்டு படிகள் அச்சேறியபோது, நாத்திக நாட்டமுள்ள உறுப்பினர்களின் வற்புறுத்தலால், கடவுள் என்ற இடத்தில் அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்ற விளக்கம் சேர்க்கப்பட்டது, முழங்காலிடுவது பற்றிய குறிப்பு நீக்கப்பட்டது. வீடு, உணவு, வேலை, சொத்து ஆகிய எதையும் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளாத இந்த அமைப்பு, பணமும் மனமாற்றமும் ஒரே கணக்கில் சேரும் பழைய சிக்கலை ஏறத்தாழ முற்றிலும் தவிர்த்தது. வேடிக்கை என்னவென்றால், பின்னர் இரட்சணிய சேனை உள்ளிட்ட இல்லங்களே தம் கூடங்களில் அனானிமஸ் கூட்டங்களுக்கு இடம் கொடுத்தன.

ஹெராயின் நியூயார்க்கைப் பிடித்த காலத்தில் பழைய முறை மீண்டும் இறுக்கமாகத் திரும்பியது. பென்சில்வேனியாவின் சிற்றூர்ப் பெந்தெகொஸ்தே போதகரான டேவிட் வில்கர்சன், கும்பல் கொலை வழக்கு ஒன்றின் செய்தியை 1958ஆம் ஆண்டில் பத்திரிகையில் பார்த்துவிட்டு நகரத்துக்கு வந்தவர். 1960ஆம் ஆண்டின் இறுதியில் புரூக்ளினில் ஒரு வீட்டை வாங்கி டீன் சேலஞ்ச் இல்லத்தைத் தொடங்கினார். தெருவிலிருந்து வந்தவன் மருந்தின் துணையின்றி, ஜெபிப்போர் சூழ, போதை விடும் வேதனையைக் கடக்கவேண்டும். பின்பு ரெரர்ஸ்பர்க் என்ற ஊரிலுள்ள பண்ணைக்குச் சென்று பயிரும் கால்நடையும் வேதபாடமுமாக மாதங்களைக் கழிக்கவேண்டும். மொத்தக் காலம் ஏறத்தாழ ஓராண்டு. இதே நகரத்தில் இதே பத்தாண்டில்தான் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் ஆகிய மருத்துவர்கள் மெத்தடோன் என்ற மாற்றுமருந்தைத் தொடர்ந்து கொடுத்துப் பராமரிக்கும் சிகிச்சையை உருவாக்கினர். ஒரு தரப்புக்கு மெத்தடோன் இன்னொரு போதை, மறு தரப்புக்கு ஜெபம் சிகிச்சையே அன்று. அந்தப் பிளவு இன்றும் ஆறவில்லை. டீன் சேலஞ்ச் தன் வெற்றிக்கணக்கைச் சொல்லும்போது பயிற்சியை முழுமையாக முடித்தவர்களை மட்டுமே எண்ணுகிறது என்பது ஆய்வாளர்கள் தொடர்ந்து எழுப்பிவந்துள்ள தடை. இடையில் போனவர்களைக் கணக்கில் சேர்க்காத எந்த விகிதமும், மெக்காலி 1864ஆம் ஆண்டில் தோற்றவரா வென்றவரா என்பதைச் சொல்ல இயலாது.

அரசு இவற்றை எந்தக் கண்ணால் பார்ப்பது என்பது கடைசியில் நீதிமன்றங்களுக்குப் போனது. ஆர்க்கன்சாவில் டோனி, சூசன் அலமோ நடத்திய சமய அறக்கட்டளையில், பெரும்பாலும் போதையிலிருந்தும் குற்றவாழ்விலிருந்தும் மீண்டவர்கள், உணவும் தங்குமிடமும் மட்டும் பெற்றுக்கொண்டு பெட்ரோல் நிலையங்களிலும் துணிக்கடைகளிலும் வேலைசெய்தனர். தங்களுக்குக் கூலி வேண்டாம், இது ஊழியம் என்று அவர்களே சாட்சி சொன்னபோதும், வணிகத்தில் ஈடுபட்ட உழைப்புக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தொழிலாளி விரும்பினால் சட்டத்தை விட்டுக்கொடுக்கலாம் என்றால் முதலாளிகள் அந்த விருப்பத்தை வரவழைத்துவிடுவார்கள் என்பது அதன் வாதம்.

1996ஆம் ஆண்டு நான்கு முடிவுகளைத் தந்தது. அனானிமஸ் முறையிலான கூட்டங்களுக்கு வர மறுக்கும் கைதிக்குச் சலுகையை மறுப்பது சமய நடுநிலையை மீறுவதாகும் என்று நியூயார்க் மாநில உயர்நீதிமன்றமும், ஏறத்தாழ அதே கருத்தை ஏழாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லின; கடவுள் என்ற இடத்தை விரிவாக்கியதே போதாது என்று ஆனது. அதே ஆண்டின் சமூகநலச் சீர்திருத்தச் சட்டம் சமய அமைப்புகள் தம் சமய இயல்பைக் கைவிடாமல் அரசின் நல ஒப்பந்தங்களைப் பெற வழிசெய்தது. 2000ஆம் ஆண்டில் இந்த ஏற்பாடு போதை மீட்புத் திட்டங்களுக்கும் விரிந்தது, ஆனால் அரசு நேரடியாகத் தரும் பணத்தை வழிபாட்டுக்குச் செலவிடக்கூடாது. நான்காவதாக, இரட்சணிய சேனையின் மறுவாழ்வு மையத்தில் வேலைசெய்த ஒருவர் கூலி கேட்டுத் தொடுத்த வழக்கில், ஊதியம் தருவதாக எந்த உடன்பாடும் இருக்கவில்லை, வேலை அவருடைய மறுவாழ்வின் பகுதியே, ஆகவே அவர் பணியாளர் அல்லர் என்று ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலமோ வழக்கின் தீர்ப்பும் இதுவும் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்தும் என்பதில் சட்ட அறிஞர்கள் உடன்படவில்லை. 2020களில் சேனையின் முன்னாள் பங்கேற்பாளர்கள் பல மாநிலங்களில் குறைந்தபட்சக் கூலி கேட்டு மீண்டும் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குச் சென்றனர். கிடங்கில் துணி பிரிக்கும் வேலை மருந்தா உழைப்பா என்பதே அவ்வழக்குகளிலும் கேட்கப்பட்டது.